மெயினை இறக்கிய பாட்டு

1

கனடாவுக்கு வந்து ஒன்பது வருஷம் முடிந்துவிட்டது. "அங்க போயி எப்படி முன்னேறுனீங்கன்னு எழுதுங்க பாய், நம்ம பசங்க படிக்கட்டும்" என்று இந்த இதழை நடத்துகிற தம்பி ஓசூரிலிருந்து போன் செய்தார். சரியான ஆளைத்தான் கேட்டார். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் பள்ளிக்கூடம்தான் தோற்றது. பதினைந்து வயதில் ஓசூருக்குப் பக்கத்து மத்திகிரியில் ஒரு பட்டறை ஷெட்டில் இரும்புத் தூள் கூட்டினேன். முப்பத்தைந்தில் அதே தெருவில் என் பெயர் போட்ட ஷெட், ஐந்து மெஷின், பதினெட்டு பேர். இன்று, ஆற்றுக்கு அந்தக் கரையில் அமெரிக்கா தெரிகிற விண்ட்சர் ஊரில், எனக்குச் சொந்தமாக, தகட்டை வெட்டி வடிவாக்கும் இரும்பு அச்சான டை செய்கிற பட்டறை இருக்கிறது. இன்ஜினியர் படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகள், "இது ஏன் உட்கார மாட்டேங்குது?" என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இதில் பொய் ஒன்றும் இல்லை.

எழுத்துப் பிழை இருந்தால் தம்பி திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

ஏனென்றால் நான் எழுத வந்தது முன்னேற்றத்தைப் பற்றி அல்ல. என் மகன் சாதிக் மத்திகிரி ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறான். தினமும் போன் செய்வான். "பிராக்கெட் ஆர்டர அனுப்பியாச்சு அத்தா. கம்ப்ரஸர் ரிப்பேரு. முனிராஜண்ணன் லீவு." அவ்வளவுதான். இரண்டு நிமிஷம். ஆறு வருஷமாக இந்த இரண்டு நிமிஷம்தான் எனக்கு மகன். அவன் வாயிலிருந்து வேறு ஒரு வார்த்தை வராதா என்று தினமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். இப்படி ஆனதற்கு ஒரு பாட்டு காரணம். அந்தப் பாட்டில் பாதியைத்தான் நான் கேட்டிருந்தேன்.

2

இங்கே காலையில் பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஹவ் ஆர் யூ" என்பார்கள். வந்த முதல் மாதம் நான் நின்று பதில் சொன்னேன். முட்டி வலி, குளிரில் விரல் மடங்காதது, மகனை விட்டுவிட்டு வந்தது, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். கேட்ட மனிதர் கையில் காபியோடு நெளிந்தார். பிறகு "குட்" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன். ஆங்கிலப் பரீட்சையை மூன்றாம் முறையில் பாஸ் செய்ததைவிட அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு இங்கே அதிகம் உதவியிருக்கிறது.

மகள் நசீமா இங்கே வந்தபோது ஆறாம் வகுப்பு. இப்போது வேறு ஊரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் பாதிப் பாதி புரிந்துகொண்டு போனை வைப்போம். வீட்டுக்காரி ஹபீபா கடையில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில் சமாளித்துவிடுவாள். ஆனால் ஐந்து வேளையும் தொழுதுவிட்டுக் கை ஏந்தும்போது ஒரு விஷயத்தை மறக்க மாட்டாள். "எம்புள்ளைய எங்கிட்டேர்ந்து பிரிச்ச அந்த கனடா ஆபீசுக்காரங்களுக்கு நீதான் கூலி குடுக்கணும் ரப்பே" என்பாள்.

நான் அவளிடம் சொன்னது அப்படி. மத்திகிரியில் எல்லோரிடமும் சொன்னதும் அப்படித்தான். பள்ளிவாசல் படியில், டீக்கடையில், என் ஷெட் வாசலில் நின்று எத்தனையோ பேரிடம் சொன்னேன்: "பையனுக்கு வயசு தாண்டிருச்சுன்னு சட்டம் போட்டு வெட்டிட்டாங்க. அப்பன் புள்ளைன்னு இரக்கம் கெடையாது அந்த கவர்மெண்ட்டுக்கு." கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கனடாவுக்குப் போடும் விண்ணப்பத்தில், குடும்பப் பட்டியல் பாரத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: உடன் வருபவர், உடன் வராதவர். மனைவி, மகள் பெயருக்கு முதல் கட்டத்தில் டிக். சாதிக்குக்கு இரண்டாவதில். அந்த டிக் என் கையால் போட்டது.

3

நாங்கள் கிளம்பி வந்த பிறகு சாதிக் வீட்டில் தனியாக இருந்தான். பகலில் ஷெட், சாயங்காலம் ஒரு கிட்டார். பக்கத்து வாடகை அறைகளில் கம்பெனி டிரெயினிகள் இருந்தார்கள். திருநெல்வேலிப் பையன் ஒருவன் டிரம்ஸ், மாலூர்க்காரன் ஒருவன் இன்னொரு கிட்டார். மூன்று பேரும் சேர்ந்து வைத்த பெயர் "பிசிறு". இரும்பைத் தட்டி எடுத்ததும் ஓரத்தில் கூராக நிற்குமே, அதுதான் பிசிறு. கை வைத்தால் கிழிக்கும். அதை அரத்தால் எடுத்துவிட்டுத்தான் பீஸை அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ரிஜெக்ட். என் மகன் அதைப் போய்ப் பெயராக வைத்திருக்கிறானே என்று எனக்கு எரிச்சல்.

பாட்டும் எனக்குப் பிடிபடவில்லை. டிரம்ஸ், தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓடுகிற வேகத்தில் அடிக்கும். அதற்குமேல் கத்துவார்கள். துள்ளிக் குதிக்கிற மாதிரி மெட்டு. வார்த்தையைக் கேட்டால் அழுகிற விஷயம். முதலில் ஷெட் ஆட்கள் சிரித்தார்கள். பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களே முணுமுணுத்தார்கள் என்று முனிராஜு சொன்னான். முனிராஜு என் சூப்பர்வைசர். வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், என்னிடம் தமிழ் பேசுகிற ஆள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஷெட் யாருடையதாக இருந்தாலும் ஆயுத பூஜை உண்டு. ஷெட் என்னுடையது, பூஜை ஆட்களுடையது. மெஷினைத் துடைத்து, சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைப்பது முனிராஜு. பொரியும் ஸ்வீட் பெட்டியும் கொடுத்துக் கை குலுக்குவது நான். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லா மெஷினும் நிற்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாளில் பிசிறு எங்கள் ஷெட்டிலேயே பாடியது. பக்கத்து ஷெட் ஆட்களையும் சேர்த்து அறுபது பேர் இருந்திருப்பார்கள். எனக்கு இங்கே காலை எட்டு மணி, அங்கே சாயங்காலம். டீயோடு உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்தேன். முனிராஜு போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். எல்லோரும் போனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ராஜா மாதிரி இருந்தது.

சாதிக் மைக்கைப் பிடித்தான்.

"ஆறு மெஷினு எனக்கு விட்டுட்டீங்க
ஆகாசத்துக்கு மூணு டிக்கெட்டு வாங்கிட்டீங்க
ஃபாரத்துல ஒரு கட்டம், கட்டத்துல ஒரு டிக்கு
இப்ப என் பேரு 'கூட வராதவன்'."

டீயைக் கீழே வைத்தேன். கோபம் வந்தது என்றுதான் அன்று எல்லோரிடமும் சொன்னேன். அது கோபம் இல்லை, பயம். அடுத்த வரி என்னவாக இருக்கும் என்கிற பயம்.

நடந்தது இதுதான். சாதிக்கின் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முன்னால் பாரம் போய்ச் சேர்ந்திருந்தால் அவனுடைய வயது அங்கேயே நின்றிருக்கும். பிறகு எத்தனை வருஷம் ஆனாலும் அவன் எங்களோடு வரலாம். பெங்களூர் ஏஜென்ட் இதை எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். பாரம் தயாராக என் மேஜை டிராயரில் இருந்தது. கையெழுத்துப் போட்டு, பஸ் ஏறி, பெங்களூரில் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் ஷெட்டுக்கு ஆறாவதாகப் புது மெஷின் இறங்கியது. ஊரை விட்டுப் போகிறவன் சும்மா போகக் கூடாது, புது மெஷின் வைத்துவிட்டுப் போனான் என்று ஓசூரே பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. அழைப்பிதழ் அடித்தேன், பந்தல் போட்டேன், மெஷின் பக்கத்தில் மாலையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். பிறந்தநாள் போய் நான்காம் நாள்தான் பெங்களூர் போனேன். ஏஜென்ட் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாலு நாள்தானே சார்" என்றேன். அவர் சாதிக்கின் பாரத்தைத் தனியாக எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அறுபது பேர் முன்னால் மகன் அதைப் பாடப் போகிறான் என்று நினைத்தேன்.

"முனிராஜு, மெயினை எறக்கு" என்றேன்.

"பாய், பாட்டு முடியலையே."

"எறக்குடா."

முனிராஜுவின் காது தெரிந்தது, பிறகு தகரக் கூரை தெரிந்தது. அத்தோடு எனக்கும் படம் நின்றுவிட்டது. ஷெட்டின் வை-பை அந்த மெயின் சுவிட்சில்தான் ஓடுகிறது. கூரைக்கு அடியில் வேறு சிக்னல் கிடையாது. என் கையால் என் காதையே அடைத்துக்கொண்டேன்.

கரண்ட் போன பிறகு அவர்கள் நிறுத்தவில்லையாம். மைக் இல்லாமல், வெறும் தொண்டையில் பாடி முடித்தார்களாம். யாரோ போனில் எடுத்தார்களாம். "அந்தப் பாட்டை இந்த வீட்டில் யாரும் போடக் கூடாது" என்று ஹபீபாவிடமும் நசீமாவிடமும் சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்துதான் இரண்டு நிமிஷ போன். நான் ஊருக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். வேலை இருக்கிறது என்பேன். ஹபீபா மட்டும் இரண்டு முறை போய் வந்தாள்.

4

போன மாதம் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு ஒரு பெண் குடி வந்தது. பெயர் பவித்ரா. இங்கே கல்லூரியில் படிக்கிறது. ஊர் ஓசூர்ப் பக்கம் பேரிகை, அப்பா தக்காளி போடுகிறவர். கனடாவுக்கு வருவதற்கு முன்னால் ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரெயினியாக இருந்து, மத்திகிரியில் நான்கு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்ததாம். ஹபீபாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாளே பிரியாணி.

சாப்பிட்டுக்கொண்டே அது கேட்டது. "அங்கிள், மத்திகிரின்னா உங்களுக்கு பிசிறு தெரியுமா?"

ஹபீபா கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் தண்ணீர் குடித்தேன்.

"பாப்-பங்க்னு வேகமா அடிக்கிற ராக் பேண்டு அங்கிள். இப்ப இல்ல, கலைஞ்சு போச்சு. ஒருத்தன் புனே போயிட்டான், ஒருத்தன் ஸ்ரீபெரும்புதூர்ல இருக்கான். மொத்தமே ஏழு பாட்டுதான். ஆனா எங்க ஹாஸ்டல், ரூம், ஷிப்ட் பஸ்ஸு, எல்லா எடத்துலயும் அதான் ஓடும்."

"கத்துவாங்களே, அதுவா?" என்றேன்.

"கத்துவாங்கதான். ஆனா யாரையும் திட்ட மாட்டாங்க அங்கிள். மத்த பாட்டெல்லாம் அவ ஏமாத்துனா, இவன் விட்டுட்டுப் போனான்னு அடுத்தவங்க மேல பழி போடும். இவங்க தங்களைத்தான் போட்டுக் கிழிச்சுக்குவாங்க. அதுவும் அவ்ளோ வேகத்துல. கேக்கும்போது குதிக்கலாம், படுக்கும்போது அழலாம்."

"அழறதுக்கு ஒரு பாட்டா?"

"சிரிக்காதீங்க. நான் இங்க ஆபீஸ்ல வேலை பாக்கறேன்னு எங்கப்பாகிட்ட ஏழு மாசம் சொன்னேன். நெஜத்துல ஒரு ஓட்டல்ல கோழி வெட்டறேன். ஒரு நாள் அவங்க மெயின் பாட்டக் கேட்டுட்டே போனப் போட்டு உண்மைய சொல்லிட்டேன்."

"அப்பா என்ன சொன்னாரு?" என்று ஹபீபா கேட்டாள்.

"கத்தி கூரா இருக்குதா, கை பத்திரம்னாரு."

"மெயின் பாட்டு"தான் எங்கள் ஷெட்டில் அன்று பாடிய பாட்டின் பெயராகிவிட்டதாம். இப்போது ஓசூர் பக்கம் எத்தனையோ ஷெட்டுகளில் ஆயுத பூஜை அன்று பூசணிக்காய் உடைத்ததும் டிரெயினிகள் ஒன்றுகூடி, முதலில் மெயினை இறக்கிவிடுவார்களாம். பிறகு கரண்ட் இல்லாமல் அந்தப் பாட்டைப் பாடுவார்களாம். ஏன் இறக்குகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாதாம். அப்படித்தான் பாட வேண்டும் என்று மட்டும் தெரியுமாம்.

"அந்த ஷெட் ஓனரு பாதிப் பாட்டுல கரண்ட்ட நிறுத்திட்டாராம் அங்கிள். எந்த லூசோ. என் கையில கெடச்சான்னா..."

"இன்னும் கொஞ்சம் சோறு வை ஹபீபா, அந்தப் புள்ளைக்கு" என்றேன்.

5

இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கீழே போய்க் கதவைத் தட்டினேன். "அந்த லூசு நான்தாம்மா" என்றேன். பவித்ராவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. "அந்தப் பாட்ட முழுசாப் போடு" என்றேன்.

போட்டது. இருட்டில் எடுத்த படம், ஆட்களின் நிழல்தான் தெரிகிறது. கரண்ட் போனதும் "ஓ" என்று ஒரு சத்தம். பிறகு அந்தத் திருநெல்வேலிப் பையன் ஒரு இரும்புத் தகட்டில் தட்டினான். சாதிக்கின் குரல் தனியாக வந்தது. மைக் இல்லாத குரல். சின்ன வயதில் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்ட அதே குரல்.

"டிராயருல கெடந்துச்சு ஃபாரம், எனக்குத் தெரியும்
பெங்களூரு பஸ்ஸு வாசல்ல நின்னுச்சு, எனக்குத் தெரியும்
எடுத்துட்டு ஓடியிருக்கலாம், ஓடல
ஏன் ஓடலன்னு கேட்டா
கொத்தில்லா, தெலீது, தெரியாது."

கன்னடம், தெலுங்கு, தமிழ், மூன்றிலும் "தெரியாது". அறுபது பேரும் சேர்ந்துகொண்டார்கள். அவரவருக்கு எது வீட்டுப் பேச்சோ அதில் தொண்டை கிழியக் கத்தினார்கள். முனிராஜுவின் "தெலீது" தனியாக எனக்குக் கேட்டது. அவனுக்கு என்ன தெரியாமல் போனதோ.

மிச்சப் பாதியில் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. புது மெஷின் இல்லை, பந்தல் இல்லை, மாலை இல்லை. இத்தனை வருஷம் நான் பயந்த வரி அந்தப் பாட்டிலேயே கிடையாது.

பிசிறோடு பீஸை அனுப்பினால் ரிஜெக்ட் என்று இருபது வருஷம் ஆட்களைத் திட்டியவன் நான். என் பேச்சிலும் பிசிறு இருக்காது. எல்லாவற்றையும் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கித்தான் சொல்வேன். ஆறு வருஷம் கழித்தும், ஒரு சமுத்திரம் தாண்டியும் அந்தப் பாட்டு பேரிகைப் பெண்ணிடம் வேலை செய்திருக்கிறதென்றால், என் மகன் தேய்க்காமல் அனுப்பியதால்தான். எடுத்த கையில் குத்தியிருக்கிறது.

6

மறுநாள் காலை அவன் கூப்பிடுவதற்கு முன்னால் நானே கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். பின்னால் பிரஸ் ஓடும் சத்தம்.

"சொல்லுங்க அத்தா. பிராக்கெட்டு பிளேட்டிங்குக்குப் போயிருக்குது."

"பிராக்கெட் கெடக்கட்டும். பாட்டக் கேட்டேன். முழுசா."

யாரிடமோ ஏதோ சொன்னான். பிரஸ் நின்றது.

"அது பழசு அத்தா. சுருதியே இருக்காது."

"டிராயர் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏஜென்ட்டு ஷெட்டுக்குப் போன் பண்ணாரு. நான்தான் எடுத்தேன். நாளைக்குக் கடைசி நாள்னாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன். நீங்க கிரேன்காரன்கிட்ட கத்திகிட்டு இருந்தீங்க. அப்புறம் பாக்கலாம் போடான்னீங்க. போயிட்டேன். ரெண்டாவது தடவ சொல்லல."

எனக்கு அது ஞாபகமே இல்லை. கிரேன் ஞாபகம் இருக்கிறது. மெஷின் ஆடாமல் இறங்கியது ஞாபகம் இருக்கிறது.

"அத்தன பேரு முன்னாடி என்னக் கிழிச்சிருக்கலாம்டா. ஏன் பாடல?"

"நாங்க அப்படிப் பாடறதில்ல அத்தா. என் தப்ப நான் பாடுவேன். உங்க தப்ப நீங்கதான் சொல்லணும்."

"நான் என்ன பாட்டுக்காரனா?"

"பாட வேணாம். அம்மாகிட்ட சொல்லுங்க. அது இன்னும் எவனையோ திட்டிகிட்டுக் கெடக்குது. ரெண்டு தடவ இங்க வந்தப்பவும் அதேதான். எனக்குக் கேக்க முடியல."

"நீ சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்காகத்தான் சொல்லல" என்றான். பிறகு அவனே சொன்னான்: "கரண்ட்ட நிறுத்துனது எனக்குக் கோவம் இல்ல அத்தா. அதுக்கப்புறம் மறுநாள் கூப்பிட்டு, கம்ப்ரஸர் சரியாயிருச்சான்னு கேட்டீங்களே, அதான்."

அன்று நாற்பது நிமிஷம் பேசினோம். பிரஸ் ஓடவே இல்லை.

7

ஹபீபாவிடம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் முதலில் எழுதினேன். இங்கே மேலே இருக்கிற எல்லாவற்றையும் எழுதி, சமையலறைக்கு எடுத்துப் போய் வாசித்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் பெருமை வரும் இடங்களில் வழக்கம்போல உதட்டைச் சுழித்தாள். டிராயர் வந்ததும் கை நின்றது. நான் முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

"நாலு நாளா?" என்றாள்.

"நாலு நாள்."

"மெஷினுக்கா?"

"மெஷினுக்கு."

"ஒம்போது வருஷமா தொழுதுட்டு அந்த ஆபீசுக்காரங்கள சபிச்சேனே. முகம் தெரியாத மனுசங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

ஐம்பத்தைந்து வயதில், சொந்த வீட்டில், சொந்தச் சமையலறையில் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இத அந்தத் தம்பிக்கு அனுப்பிருங்க" என்றாள்.

"இப்படியேவா? ஊரே படிக்குமே."

"ஊர்கிட்டதான சட்டம்னு சொன்னீங்க."

இதோ அனுப்புகிறேன். ஆகவே மத்திகிரியில் என்னிடம் உச்சுக் கொட்டியவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். சாதிக்கை எந்தச் சட்டமும் வெட்டவில்லை. கனடாக்காரன் ஒருவனும் வெட்டவில்லை. நான்தான் வெட்டினேன். நாலு நாள்.

கீரையைக் கழுவி வைத்துவிட்டு ஹபீபா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊருக்குப் போறேன். டிக்கெட்டு போடுங்க."

"ரெண்டு பேருக்குமா?"

"எனக்கு. நீங்க அவன் கூப்பிட்டா வாங்க."

"திரும்பறதுக்கு என்ன தேதி போடட்டும்?"

"போறதுக்கு மட்டும் போடுங்க."

அன்றைக்கே போட்டுவிட்டேன். நாளைக்கு என்று தள்ளவில்லை.